நத்தை பெருகினால் நத்தையைத் திட்டாதீர்கள்

மீன் தொட்டி: கேள்வி பதில்

போன முறை கப்பிக்கு வரும் வெள்ளைப் புள்ளி நோயைப் பற்றி எழுதினேன். அதைப் பற்றிச் சந்தேகம் கேட்டு எழுதியவர்களைவிட, "அது இருக்கட்டும், நத்தைக்கு என்ன வழி?" என்று எழுதியவர்கள்தான் அதிகம். சிலருக்கு நத்தை வேண்டும், சிலருக்கு வேண்டவே வேண்டாம். சரி, இந்த இதழ் முழுக்க நத்தைதான். கொளத்தூரில் வீட்டுக்குப் பின்னால் சிமென்ட் தொட்டி கட்டி மீன் வளர்த்து விற்கிறவள் நான். தினமும் கையில் படுகிற சமாச்சாரம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"இரண்டடித் தொட்டியில் கப்பி வளர்க்கிறேன். தீபாவளி சமயத்தில் வாங்கிய செடியோடு ஒன்றிரண்டு நத்தை வந்தது. பொங்கலுக்குள் கண்ணாடி முழுக்க நத்தை. கடையில் ஒரு மருந்து கொடுத்து, ஊற்றினால் ஒரே ராத்திரியில் எல்லாம் செத்துவிடும் என்கிறார்கள். ஊற்றலாமா அக்கா?" (ஈரோடு வாசகர்)

ஊற்றாதீர்கள் தம்பி. ஒரே ராத்திரியில் எல்லாம் செத்துவிடும் என்பதுதான் அதில் இருக்கும் வம்பே.

இரண்டடித் தொட்டியில் ஐம்பது லிட்டர் சொச்சம் தண்ணீர் நிற்கும். நூற்றுக்கணக்கில் நத்தை செத்தால், கண்ணாடியில் இருப்பதை வழித்து எடுத்துவிடலாம்; கல்லுக்குள் கிடப்பதை எப்படி எடுப்பீர்கள்? அது அங்கேயே அழுகி அம்மோனியாவாகும். மறுநாள் காலையில் கப்பி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அப்புறம் கடைக்காரர் அதற்கும் ஒரு மருந்து கொடுப்பார்.

நத்தை மருந்துகளில் பெரும்பாலும் இருப்பது செம்பு உப்பு. மயில்துத்தம் என்கிறோமே, அந்த வகையறா. அளவு கொஞ்சம் கூடினால் மீனுக்கும் ஆகாது, இறால் இருந்தால் பிழைக்கவே பிழைக்காது. கல்லிலும் மண்ணிலும் செம்பு தங்கிவிடும் என்பதால், பிறகு ஆசைப்பட்டு இறால் விட்டாலும் நிலைப்பது கஷ்டம்.

முதலில் உங்கள் தொட்டியில் இருப்பது எது என்று பாருங்கள். செடியோடு வருபவை பெரும்பாலும் மூன்றில் ஒன்று. ஓடு மெல்லியதாக, மஞ்சள் கலந்த பழுப்பில் புள்ளி புள்ளியாக இருந்தால் பிளாடர் நத்தை. அதன் கூர்முனை மேலே இருக்கும்படி, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். வாய் இடது பக்கம் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அதுதான். தட்டையாகச் சுருண்டிருந்தால் ராம்ஸ்ஹார்ன். அதில் சிவப்பாக ஒன்று வரும், கடைகளில் காசுக்கே விற்பார்கள். நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் அதற்கும் உண்டு. உடம்பில் கறுப்பு நிறமி இல்லாத நத்தையில் அந்தச் சிவப்பு அப்படியே வெளியே தெரிகிறது. மூன்றாவது, நீளமாகக் கூம்பி இருக்கும் ட்ரம்பெட் நத்தை. பகலில் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும், விளக்கை அணைத்த பிறகு வெளியே வரும். முதல் இரண்டும் வழவழப்பான முட்டைக் கட்டிகளை இலைக்கு அடியில் ஒட்டும். ட்ரம்பெட் முட்டையே இடாது, குட்டி போடும். ஆண் இல்லாமலே குட்டி போடும் என்பதால் ஒன்று வந்தால்கூடப் போதும்.

எதுவாக இருந்தாலும் வைத்தியம் ஒன்றுதான். நத்தை காற்றிலிருந்து பெருகுவதில்லை, தீனியிலிருந்து பெருகுகிறது. மீன் தின்றது போக எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவு நத்தை இருக்கும், அதற்கு மேல் இருக்காது. என்னிடம் பக்கத்து பக்கத்தில் இரண்டு தொட்டிகள் உண்டு, தண்ணீரும் ஒன்றுதான், செடியும் ஒன்றுதான். நான் தீனி போடும் தொட்டியில் நத்தையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பள்ளி விட்டு வந்து என் பேத்தி தீனி போடும் தொட்டியில் தேடவே வேண்டாம்.

எனவே இன்றைக்கே பாதியாகக் குறையுங்கள். இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கிற அளவுதான் ஒரு வேளைத் தீனி. கப்பி எப்போது பார்த்தாலும் பசி என்றுதான் கண்ணாடியில் வந்து ஆடும், அதை நம்பாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டால் வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர் மாற்றும்போது குழாயைக் கல்லுக்குள் விட்டு, கீழே படிந்த கசடையும் சேர்த்து இழுங்கள். அது அவ்வளவும் நத்தைக்கு விருந்து.

இருப்பதைக் குறைக்க, இரவு விளக்கை அணைத்ததும் ஒரு வெள்ளரித் துண்டில் முள்கரண்டியைக் குத்தி உள்ளே இறக்குங்கள். காலையில் விளக்கைப் போடும் முன்பு எடுத்தால் துண்டு தெரியாத அளவுக்கு மொய்த்திருக்கும். நாலைந்து ராத்திரி இப்படிச் செய்தால் கூட்டம் கலையும். ஆனால் தீனியைக் குறைக்காமல் வெள்ளரி மட்டும் வைத்தால், எடுக்க எடுக்க வந்துகொண்டே இருக்கும். அதற்கு வெள்ளரியைக் குற்றம் சொல்லக் கூடாது.

இனிமேல் செடி வாங்கினால் நேராகத் தொட்டியில் வைக்காதீர்கள். நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி படிகாரத் தூள் கரைத்து, ஒரு நாள் அதில் போட்டு, நன்றாக அலசுங்கள். நத்தை சாகும், முட்டை தப்பித்தாலும் தப்பிக்கும். அதனால் இரண்டு மூன்று வாரம் ஒரு வாளியில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, குஞ்சு பொரிந்தால் பொறுக்கிப் போட்டுவிட்டு, பிறகு தொட்டிக்கு மாற்றுங்கள்.

"ஒரு நத்தை வாங்கிவிட்டால் தொட்டி கழுவும் வேலை மிச்சம் என்று மகன் அடம்பிடிக்கிறான். உண்மையா மேடம்?" (மதுரை வாசகி)

பாசி தின்னும் என்பது உண்மை. வேலை மிச்சம் என்பது மகனின் ஆசை. தின்றது கழிவாக வந்துதானே ஆக வேண்டும்? நத்தை போடும் கழிவைப் பார்த்தால் நீங்களே மலைத்துப் போவீர்கள். வாரத்துக்குக் கால்வாசித் தண்ணீர் மாற்றுவதை எந்த நத்தையாலும் நிறுத்த முடியாது.

நத்தை செய்கிற வேலை வேறு. கண்ணாடியில் படரும் மெல்லிய பச்சையை வழித்துத் தின்னும். அழுகத் தொடங்கிய இலையைத் தின்னும். நல்ல இலையைப் பெரும்பாலும் தொடாது. இலையில் ஓட்டை விழுந்து அதில் நத்தை உட்கார்ந்திருந்தால் பழி அதன் மேல் விழும், ஆனால் அநேகமாக இலை அதற்கு முன்பே செத்திருக்கும். ஃபில்டருக்குப் பின்னால் செத்துக் கிடக்கும் மீனை, நீங்கள் பார்க்கும் முன்பு அது பார்த்துவிடும். ட்ரம்பெட் நத்தை மணலைக் கிளறிக்கொண்டே இருப்பதால், அடியில் காற்றுப் போகாமல் மணல் கெட்டுப்போவது குறையும். மணல் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்யவே செய்வேன்.

மகனுக்காக வாங்குவதென்றால் ஆப்பிள் நத்தை வாங்குங்கள், மிஸ்டரி நத்தை என்றும் சொல்வார்கள். மஞ்சள், நீலம், தந்த நிறம் என்று வரும். சுத்தம் செய்வதில், பாசி தின்பதில் பேர்போன நெரைட் நத்தை அளவுக்கு வராது, ஆனால் வேடிக்கை பார்க்க அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதற்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. தண்ணீர் மட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே வந்து நிற்கும். இடது தோள் பக்கமிருந்து ஒரு சதைக் குழாய் நீண்டு, நுனி மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். பிறகு ஓட்டோடு சேர்த்து உடம்பை முன்னும் பின்னும் அசைத்து அசைத்துக் காற்றை இழுக்கும். முடிந்ததும் பிடியை விட்டுத் தொப்பென்று கீழே விழும். செத்துவிட்டது என்று அப்போது பையன்கள் அழுவார்கள். சாகவில்லை, இறங்குவதற்கு அதுதான் அதற்குச் சுலபமான வழி.

பாசி மட்டும் போதாது, வெந்நீரில் முக்கிய கீரை, வெள்ளரி, கேரட் கொடுங்கள். மேலே இரண்டு மூன்று அங்குலம் இடம் விட்டு, மூடி கட்டாயம் போடுங்கள். இல்லையென்றால் ராத்திரியில் வெளியே நடந்துவிடும். முட்டையைத் தண்ணீருக்கு மேலே கண்ணாடியில்தான் கொத்தாக ஒட்டும். குஞ்சு வேண்டாமென்றால் அந்தக் கொத்தைச் சுரண்டி எடுத்தால் முடிந்தது. ஒன்றுதானே வாங்கினோம் என்று அசட்டையாக இருக்க வேண்டாம்: கடையிலேயே இணை சேர்ந்திருந்தால் மாதக்கணக்கில் கழித்தும் முட்டை வைக்கும்.

"ஆப்பிள் நத்தையின் ஓடு உச்சியில் வெள்ளையாகிக் குழி குழியாக இருக்கிறது. நோயா? எங்கள் வீட்டில் சிறுவாணித் தண்ணீர். தொட்டியில் பெரிய மரக்கட்டை வைத்திருக்கிறேன்." (கோவை வாசகர்)

நோயில்லை, தண்ணீர்தான். நீங்கள் கொடுத்து வைத்தவர், சிறுவாணி குடிக்கிறீர்கள். நாங்கள் போர் தண்ணீரில் குளித்து முடி கொட்டுகிறோம். ஆனால் நத்தைக்கு எங்கள் தண்ணீர்தான் உசத்தி. ஓடு என்பது கால்சியம் கார்பனேட். தாதுக்கள் குறைந்த மென்மையான தண்ணீரில் ஓடு கட்டச் சரக்கு கிடைக்காது. மரக்கட்டை வேறு தண்ணீரைப் புளிப்புப் பக்கம் இழுக்கும். பி.எச். 7-க்குக் கீழே போனால், கட்டிய ஓடும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பழைய பகுதி என்பதால் உச்சியில் முதலில் தெரிகிறது.

நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை கேளுங்கள். கிளிக்கூண்டில் வைப்பார்களே, அதே கணவாய் ஓடுதான். ஒரு துண்டு உடைத்துத் தொட்டியில் போடுங்கள். முதலில் மிதக்கும், ஊறியதும் இறங்கும். இல்லையென்றால் கழுவிய கிளிஞ்சலை ஒரு வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வையுங்கள். விழுந்த குழி மூடாது. ஓட்டின் வாய் ஓரத்தைக் கவனியுங்கள்: அங்கே புதிதாக வளரும் பட்டை வழவழவென்று கெட்டியாக வந்தால் தண்ணீர் சரியாகிவிட்டது என்று அர்த்தம். கப்பி, மோலி இருந்தால் அவற்றுக்கும் இந்தத் தண்ணீர்தான் பிடிக்கும். மென்மையான தண்ணீர் வேண்டும் கார்டினல் டெட்ரா மாதிரி மீன் வைத்திருந்தால், கிளிஞ்சலைக் குறைத்து, நத்தையை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். இருவரையும் ஒரே தண்ணீரில் திருப்திப்படுத்த முடியாது.

"எங்கள் வயலிலும் வாய்க்காலிலும் நத்தை எவ்வளவோ கிடக்கிறது. அதைப் பிடித்துத் தொட்டியில் விட்டால் என்ன? எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?" (மயிலாடுதுறை வாசகர்)

நியாயமான கேள்விதான் ஐயா. வயலில் இருக்கும் பெரிய நத்தை பைலா இனம், மூல வியாதிக்காரர்கள் சூப் வைத்துக் குடிக்கிறார்களே, அது. கோடையில் வயல் காய்ந்தால் சேற்றுக்குள் இறங்கி, வாயை மூடிக்கொண்டு மழை வரும்வரை கிடக்கும் கெட்டிக்கார ஜீவன். ஆனால் இரண்டடித் தொட்டிக்கு அது பெரிய ஆள். செடியையும் மிச்சம் வைக்காது.

அதைவிட முக்கியம், அதன் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று வெளியே பார்த்துத் தெரியாது. குளத்து நத்தைகள் பல தட்டைப்புழுக்களுக்குத் தங்குமிடம். நம் ஊர்க் குட்டைகளில் இருக்கும் தட்டைச் சுருள் நத்தை மூலமாகத்தான், மாட்டின் மூக்குக்குள் சதை வளர்ந்து குறட்டை விட வைக்கும் ஒரு புழு பரவுகிறது. மாடு வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரிப் புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் நீந்தும். மனிதர் கையில் பட்டால் தோலுக்குள் நுழைந்து, வளர முடியாமல் அங்கேயே சாகும். ஆனால் அரிப்பும் தடிப்பும் நமக்கு. தொட்டியிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்ந்த நத்தையில் இந்தப் பயம் கிடையாது. மாடோ பறவையோ நடுவில் இல்லாமல் அந்தப் புழுவின் சுற்று நடக்காது. காசு கொடுப்பது அதற்குத்தான். எது விட்டாலும், தொட்டியில் கை விட்டபின் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

"இதுவரை கண்ணிலேயே படாத கூம்பு நத்தைகள், நேற்றுக் காலையில் கூட்டமாகக் கண்ணாடியில் ஏறித் தண்ணீர் மட்டத்தில் நின்றன. முந்தின ராத்திரி நெடுநேரம் கரண்ட் இல்லை. இது எதற்கு அறிகுறி?" (தூத்துக்குடி வாசகி)

நல்ல வேளை, கவனித்தீர்கள். ட்ரம்பெட் நத்தை செவுளால் சுவாசிப்பது. பகல் வெளிச்சத்தில், மொத்தமாக மேலே ஏறுகிறது என்றால் கீழே ஆக்ஸிஜன் இல்லை, அல்லது தண்ணீர் கெட்டிருக்கிறது. ஃபில்டர் நின்றால் முதலில் தடுமாறுவது அதற்குள் இருந்து அம்மோனியாவை முறிக்கும் நல்ல பாக்டீரியா. உடனே மூன்றில் ஒரு பங்குத் தண்ணீர் மாற்றுங்கள், ஏர் பம்பை முழு வேகத்தில் வையுங்கள், இரண்டு நாள் தீனி வேண்டாம். அம்மோனியா பார்க்கும் கிட் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்பும் கிடைக்கிறது.

பிளாடர் நத்தையும் ராம்ஸ்ஹார்னும் மேலே வந்தால் பயப்படாதீர்கள். அவை காற்றுக்காக வந்துபோகிற சாதி.

"நெரைட் நத்தை பாசியைச் சுத்தமாகத் தின்கிறது. ஆனால் மரத்திலும் கண்ணாடியிலும் எள் மாதிரி வெள்ளைப் புள்ளிகளை ஒட்டி வைக்கிறது. தேய்த்தாலும் போகவில்லை." (சேலம் வாசகர்)

முட்டை. நன்னீரில் அதிலிருந்து நத்தை வராது, குஞ்சு வளர உப்பு கலந்த தண்ணீர் வேண்டும். நெரைட் பெருகவே பெருகாது என்பது இதனால்தான். கண்ணாடியில் இருப்பதைப் பழைய பிளேடால் சுரண்டலாம். மரத்தில் இருப்பது, இருக்கட்டும்.

"நத்தையைத் தின்னும் அசாசின் நத்தை, லோச் மீன், குட்டிப் பஃபர் மீன் என்றெல்லாம் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?" (புதுச்சேரி வாசகர்)

மூன்றுமே தின்னும். பஃபர் என்றால் கேரளத்து ஆறுகளின் குட்டிப் பஃபர், வளர்ந்தாலே ஓர் அங்குலம் சொச்சம்தான். ஆளைப் பார்த்து ஏமாறாதீர்கள், கப்பி வாலைக் கடித்துக் குதறிவிடும். பாக்கெட் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நத்தை தீர்ந்தால் அதற்காக நீங்கள் நத்தை வளர்க்க வேண்டியிருக்கும். நான் வளர்க்கிறேன், ஒரு டப் நிறைய. காட்டு ஆறுகளில் அதன் எண்ணிக்கை குறைந்துகொண்டு வருகிறது என்பதால், பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள். லோச் கூட்டமாக இருக்க விரும்பும் மீன். ஐந்தாறு விட வேண்டும், மூன்றடிக்குக் குறைந்த தொட்டியில் வேண்டாம்.

சின்னத் தொட்டிக்கு அசாசின் தேவலை. மெதுவாக வேலை செய்யும், மெதுவாகப் பெருகும். மண்ணுக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டிக் காத்திருந்து பிடிப்பதைப் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அதற்கு நல்ல நத்தை, கெட்ட நத்தை என்று பேதம் கிடையாது. ஆசையாக வாங்கிய ஆப்பிள் நத்தை இருந்தால் இதை விடாதீர்கள். தீனி மிஞ்சினால் அதையும் தின்னும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறுபடி தீனிக்கே வந்துவிட்டோம்.

"ஃபைட்டர் மீன் குஞ்சு எடுக்கிறேன். குஞ்சுத் தொட்டியில் நத்தை விடலாம் என்று ஒருவரும், விடவே கூடாது என்று ஒருவரும் சொல்கிறார்கள்." (செங்கல்பட்டு வாசகர்)

இரண்டு பேர் சொல்வதும் சரி. முட்டை நிலையில் கூடாது. கையில் கிடைத்த முட்டையை நத்தை விட்டு வைக்காது. குஞ்சு நீந்தத் தொடங்கிய பிறகு விடலாம். அந்த வயதில் நாம் தீனியாகப் போடும் ஆர்ட்டீமியாவில் (உப்புநீரில் வளரும் பொடி இறால் வகை) பாதி தின்னப்படாமல் அடியில் சாகும்; குஞ்சு இருக்கும் தொட்டியில் குழாய் விட்டு இழுக்கவும் முடியாது. நாலைந்து ராம்ஸ்ஹார்ன் அதைத் துடைத்துத் தின்றுவிடும். இன்னொரு லாபம்: பக்கத்தில் ஒரு ஜாடியில் கீரையும் நத்தையும் போட்டு வையுங்கள். நத்தைக் கழிவில் இன்ஃபுசோரியா என்கிற, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகும். முதல் சில நாளைக்கு ஃபைட்டர் குஞ்சின் வாய்க்கு அதுதான் பொருந்தும். ஜாடித் தண்ணீரை ஒரு ஃபில்லரில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

"வேறு ஊருக்கு மாற்றலாகிறது, தொட்டியை எடுக்கிறேன். மீனை நண்பர் எடுத்துக்கொள்கிறார். நத்தைகளை ஏரியில் விட்டுவிடலாமா? கொல்ல மனமில்லை." (தாம்பரம் வாசகி)

விடாதீர்கள் அம்மா. தென் அமெரிக்காவின் தங்க ஆப்பிள் நத்தையை, தின்பதற்கு வளர்க்கலாம் என்று 1980 வாக்கில் தைவானுக்குக் கொண்டு வந்தார்கள். வியாபாரம் ஓடவில்லை, நத்தை வாய்க்காலுக்கு ஓடிவிட்டது. பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று பரவி, நட்ட நாற்றைத் தண்ணீர் மட்டத்தோடு அறுத்துத் தின்றது. உலகத்தின் மோசமான 100 அந்நிய உயிரினங்கள் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. 2012-ல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பேரினத்தையே, சாதுவான மிஸ்டரி நத்தை உட்பட, தடை செய்தது. கடையில் விற்கும்போது எந்த இனம் என்று எழுதி ஒட்டி விற்பதில்லை. நம் செம்பரம்பாக்கத்திலும் போரூரிலும் அந்தச் சோதனை வேண்டாம்.

மீனை எடுத்துக்கொள்ளும் நண்பரிடமே நத்தையையும் கேட்டுப் பாருங்கள். அவர் வேண்டாம் என்றால், பக்கத்தில் பஃபரோ லோச்சோ வளர்ப்பவர் இருந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். கோழி, வாத்து வளர்ப்பவர்களும் வாங்குவார்கள். ஆனால் சமீபத்தில் தொட்டியில் மருந்து எதுவும் ஊற்றியிருந்தால் கொடுக்காதீர்கள். யாருமே கிடைக்காவிட்டால் ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீஸரில் ஒரு நாள் வைத்துவிட்டு, குப்பையில் சேருங்கள். செடியையும் கல்லையும் சாக்கடையில் கொட்ட வேண்டாம், அதில் முட்டை இருக்கும். மொட்டை மாடியில் நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டு அப்புறம் எடுத்துப் போடுங்கள்.